கோடு போட்ட இயந்திரம் யாருடையது? கணினிக் கலையின் தொடக்க ஆண்டுகளும் அரசியலும்

2025 பிப்ரவரியில் நியூயார்க்கின் கிறிஸ்டிஸ் ஏல நிறுவனம், செயற்கை நுண்ணறிவோடு தொடர்புள்ள படைப்புகளுக்கென்றே தனி ஏலம் ஒன்றை நடத்தியது. அதை நிறுத்தச் சொல்லி ஆயிரக்கணக்கான கலைஞர்கள் திறந்த மடலில் கையெழுத்திட்டார்கள். தங்கள் படங்களை அனுமதி கேட்காமல் எடுத்து இயந்திரங்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள் என்பது அவர்கள் புகார். ஏலம் நிற்கவில்லை. ஆனால் ஏலப் பட்டியலைப் புரட்டினால் ஒரு சந்தேகம் வரும். சார்ல்ஸ் சூரி என்ற அமெரிக்கர் 1966-ல் செய்த படமும் அதில் இருந்தது. 1966-ல் ஏது ஏஐ?

ஏஐ இல்லைதான். ஆனால் கணினியை வைத்துப் படம் வரைவது அப்போதே நடந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றிய சண்டையும் அப்போதே தொடங்கிவிட்டது. இது கலையா? இதற்கு ஆசிரியர் யார்? இந்த இரண்டு கேள்விகளைத்தான் இன்றும் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். அந்தத் தலைமுறை மூன்றாவதாக ஒன்றையும் கேட்டது: இந்த இயந்திரம் யாருடையது, எதற்காகச் செய்யப்பட்டது? அந்த ஆட்கள் பலர் பிரிந்து போனதும் ஒருவர் வரைவதையே விட்டதும் இந்த மூன்றாவது கேள்வியால்தான். கணினிக் கலையின் அரசியலைப் பெரும்பாலும் படத்துக்குள் தேடிப் பயனில்லை. படத்தில் இருப்பவை வெறும் கோடுகளும் சதுரங்களும். அரசியல் இருந்தது இயந்திரம் நின்ற அறையில்.

முதலில், இயந்திரம்

1960-களின் கணினி ஓர் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும். விலை லட்சக்கணக்கான டாலர். பெரும்பாலானவற்றுக்குத் திரை கிடையாது. நிரலைத் துளை அட்டையிலோ காகித நாடாவிலோ துளைத்துக் கொடுத்துவிட்டு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். விடை எண்களாக அச்சாகி வரும். படமாக வேண்டுமென்றால் பிளாட்டர் என்ற வரைபொறி தேவை. பேனாவை இரண்டு திசைகளில் நகர்த்திக் கோடு இழுக்கும் மேசை அது. ஜெர்மனியில் கொன்ராட் சூஸேயின் நிறுவனம் செய்த கிராஃபோமாட் இசட் 64 அப்படிப்பட்டது. நிலப்படங்களும் பொறியியல் வரைபடங்களும் போடுவதற்கான கருவி.

அதில் என்ன செய்தார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். சீமென்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த கியோர்க் நேஸ் 1968 வாக்கில் செய்த படம், 'ஷாட்டர்'. ஜெர்மன் மொழியில் சரளைக்கல் என்று பொருள். குறுக்கே 12, நெடுக்கே 22 என்று சதுரங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. மேல் வரிசையில் எல்லாம் ஒழுங்காக நிற்கின்றன. கீழே இறங்க இறங்க ஒவ்வொரு சதுரமும் கொஞ்சம் சாய்கிறது, கொஞ்சம் இடம் நகர்கிறது. அடியில் வந்து சேரும்போது எல்லாம் சரிந்து குவிந்து கிடக்கின்றன. நேஸ் எந்தச் சதுரத்தையும் கையால் சாய்க்கவில்லை. எவ்வளவு சாயலாம் என்ற எல்லையை வரிசைக்கு வரிசை கூட்டிக்கொண்டே போகும் விதியைத்தான் எழுதினார். அந்த எல்லைக்குள் எந்தப் பக்கம், எவ்வளவு என்பதைத் தற்செயல் எண்கள் முடிவு செய்தன.

இதில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொண்டால் மீதிக் கதை எளிதாகப் புரியும்.

1. கலைஞர் கோடு போடவில்லை, விதி எழுதினார். அதே விதியிலிருந்து எத்தனை படம் வேண்டுமானாலும் வரும். அப்படியானால் 'ஒரே ஒரு மூலப்படம்' என்ற மதிப்பு என்ன ஆவது?

2. கணினியின் 'தற்செயல்' உண்மையான தற்செயல் அல்ல. ஒரு சூத்திரத்திலிருந்து வரும் எண் வரிசை, பார்வைக்கு மட்டும் ஒழுங்கற்றது. தொடக்க எண்ணை மறுபடி கொடுத்தால் அதே வரிசை மறுபடி வரும்.

3. இந்த இயந்திரத்தை எந்தக் கலைஞராலும் வாங்க முடியாது. ராணுவம், பல்கலைக்கழகம், பெரிய நிறுவனம் என்று யாராவது ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டியாக வேண்டும்.

முதல் பரிசு பீரங்கி ஆய்வகத்துக்கு

அமெரிக்காவில் 'கம்ப்யூட்டர்ஸ் அண்ட் ஆட்டோமேஷன்' என்ற இதழ் 1963-ல் கணினிக் கலைக்குப் போட்டி வைத்தது. முதல் பரிசு பெற்றது எந்த ஓவியரும் அல்ல, மேரிலாந்தின் அபர்டீனில் இருந்த அமெரிக்க ராணுவத்தின் எறிகணை ஆய்வகம். 1964-லும் அதே ஆய்வகம்தான். இரண்டாம் ஆண்டுப் படம், தரையில் பட்டுப் பட்டுத் துள்ளிப் போகும் எறிகணையின் பாதைகள். வளைவுகள் மேல் வளைவாக அழகாகத்தான் இருக்கும். வரைந்தவர் பெயர் இருக்காது, ஆய்வகத்தின் பெயர்தான்.

இதில் வியப்பு ஒன்றுமில்லை. எனியாக் என்ற முதல் தலைமுறைக் கணினியைக் கட்டியதே பீரங்கிக் குண்டு எங்கே விழும் என்ற அட்டவணைகளைக் கணக்கிடத்தான். அது பின்னர் கொண்டுபோய் நிறுத்தப்பட்டதும் இதே அபர்டீனில். கணினியில் 'படம்' என்ற ஒன்று வெளியே தெரிய வந்தபோது அது ராணுவக் கணக்கின் துணைவிளைவாக வந்தது. இதில் சுவையான முரண் ஒன்று உண்டு. இதழாசிரியர் எட்மண்ட் பெர்க்லி போர் எதிர்ப்பாளர். கணினி வல்லுநர்களுக்குச் சமூகப் பொறுப்பு உண்டு என்று வருடக்கணக்காக எழுதிவந்தவர்.

1965-ல் பரிசு ராணுவத்திடமிருந்து தொலைபேசி நிறுவனத்துக்கு மாறியது. வென்றவர் பெல் ஆய்வகத்தின் மைக்கேல் நால். அதே ஆண்டு ஏப்ரலில் நியூயார்க்கின் ஹவர்ட் வைஸ் காலரியில் அவரும் சக ஆய்வாளர் பேலா யூலெஷும் படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். தாய் நிறுவனமான ஏடி அண்ட் டி-க்குச் சங்கடம். பொதுமக்கள் கட்டும் தொலைபேசிக் கட்டணத்தில் படம் போட்டு விளையாடுகிறார்கள் என்று பேச்சு வந்துவிடுமே! படங்களின் உரிமையை ஆய்வாளர்களே சொந்தப் பெயரில் பதிந்துகொள்ளச் சொன்னது நிறுவனம். நால் பதியப் போனால் அமெரிக்க காங்கிரஸ் நூலகம் முதலில் மறுத்தது, இயந்திரம் செய்ததற்குப் பதிப்புரிமை கிடையாது என்று. நிரலை எழுதியது மனிதர் என்று விளக்கினார். அப்புறம் 'தற்செயல்' எண்கள் தடையாக வந்தன. அந்த எண்களும் ஒரு கணக்கிலிருந்துதான் வருகின்றன என்று விளக்கிய பிறகே பதிவு கிடைத்தது. 2023-ல் வாஷிங்டன் கூட்டாட்சி நீதிமன்றம், மனிதப் பங்கு இல்லாமல் ஏஐ உருவாக்கிய படத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்று தீர்ப்பளித்தபோது பலரும் இதைப் புத்தம்புதிய சிக்கல் என்றார்கள். அறுபது ஆண்டுப் பழசு.

ஸ்டுட்கார்ட்: உணர்ச்சியின் மேல் ஒரு சந்தேகம்

நியூயார்க்குக்கு இரண்டு மாதம் முன்பே, 1965 பிப்ரவரியில், ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நேஸின் படங்கள் காட்சிக்கு வந்துவிட்டன. ஏற்பாடு செய்தவர் தத்துவப் பேராசிரியர் மாக்ஸ் பென்ஸே. தொடக்க நாளில் வந்திருந்த ஓவியர் ஒருவர் நேஸிடம், என் கைவாகு உங்கள் இயந்திரத்துக்கு வருமா என்று கேட்டாராம். நேஸ் யோசித்துவிட்டு, வரும், ஆனால் நீங்கள் அதை எப்படிச் செய்கிறீர்கள் என்று முதலில் எனக்குத் துல்லியமாகச் சொல்ல வேண்டும் என்றார். ஓவியர்கள் கோபித்துக்கொண்டு வெளியேறத் தொடங்கினார்கள். இங்கே பேசுவது செயற்கைக் கலையைப் பற்றித்தான் என்று சொல்லி பென்ஸே சமாதானப்படுத்த முயன்றார்.

பென்ஸே ஏன் இதில் இவ்வளவு ஆர்வம் காட்டினார்? அதற்குப் பின்னாலும் அரசியல் உண்டு. நாஜிகளின் ஆட்சியை வாழ்ந்து பார்த்தவர் அவர். தீப்பந்த ஊர்வலமும் மேடை முழக்கமுமாக அழகை வைத்தே மக்களை மயக்கிய ஆட்சி அது. உணர்ச்சியை நம்பிய அழகியல் எங்கே கொண்டுபோய் விடும் என்று கண்ட தலைமுறைக்கு, அழகை எண்ணால் அளந்து விளக்க முடியும் என்ற எண்ணம் ஒரு பாதுகாப்பாகத் தெரிந்தது. ஒரு படத்தில் எவ்வளவு ஒழுங்கு, எவ்வளவு வியப்பு என்று தகவல் கோட்பாட்டைக் கொண்டு கணக்கிடுவது அவருடைய 'தகவல் அழகியல்'. இன்று அந்தச் சூத்திரங்களைப் படித்தால் கொஞ்சம் அப்பாவித்தனமாகத்தான் தோன்றுகிறது. அளந்து என்ன ஆகப்போகிறது என்றும் கேட்கலாம். ஆனால் அந்த வறட்சிக்குக் காரணம் ஆர்வமின்மை அல்ல, அச்சம்.

கணினி இல்லாமலே கணினிக் கலை

இந்த மனநிலை வர இயந்திரம் கையில் இருக்க வேண்டும் என்பதில்லை. பிரான்ஸில் ஃபிரான்சுவா மொரெலே 1960-ல் ஒரு படம் செய்தார். ஒரு பரப்பை 40,000 சிறு சதுரங்களாகப் பிரித்துக்கொண்டார். தொலைபேசி டைரக்டரியை எடுத்து எண்களை வரிசையாகப் படிக்கச் சொன்னார். ஒற்றைப்படை என்றால் ஒரு நிறம், இரட்டைப்படை என்றால் இன்னொரு நிறம். அவ்வளவுதான். விதி, தரவு, தற்செயல் எல்லாம் இருக்கிறது, கணினி மட்டும் இல்லை.

மொரெலேயும் அர்ஜென்டினாவிலிருந்து வந்த ஹூலியோ லே பார்க்கும் இருந்த 'காட்சிக்கலை ஆய்வுக் குழு', கலைஞன் என்ற மேதைப் பிம்பத்தையே உடைக்க விரும்பியது. பார்வையாளர் கை வைக்காமல் முழுமையாகாத படைப்புகளைச் செய்தார்கள். 1966 ஏப்ரலில் ஒரு நாள் முழுக்கப் பாரிஸ் தெருக்களில் வழிப்போக்கர்களை நிறுத்தி விளையாட வைத்தார்கள். இத்தாலியின் பாதுவா நகரில் 'குழு என்' இன்னும் ஒரு படி மேலே போய், எல்லாப் படைப்புகளையும் தனிப்பெயர் இல்லாமல் கூட்டாகக் கையெழுத்திட்டது. 1960-ல் ஒரு கண்காட்சியை அறிவித்துவிட்டுக் கதவைப் பூட்டி வைத்தது. யாருக்கும் அழைப்பில்லை என்பதே அறிவிப்பு!

இவர்களுக்கு முதலில் கைகொடுத்தது கணினி நிறுவனம்தான். தட்டச்சுப்பொறியும் கணினியும் செய்த ஒலிவெட்டி 1962-ல் மிலான் கடையில் 'நிரலிடப்பட்ட கலை' என்ற கண்காட்சியை நடத்தியது. வடிவமைப்பாளர் புரூனோ முனாரி ஏற்பாடு, எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோ கட்டுரை. தனி உடைமைக்கு எதிராகப் பேசியவர்களுக்குத் தனியார் நிறுவனம் மேடை போட்டுத் தந்தது. இந்த ஏற்பாட்டின் நெருடல் கடைசிவரை போகவில்லை.

ஸாக்ரெப்: நடுவில் நின்ற நகரம்

இந்த இழைகளெல்லாம் ஒன்றுகூடிய இடம் நியூயார்க்கோ பாரிஸோ அல்ல, அன்றைய யூகோஸ்லாவியாவின் ஸாக்ரெப். ஏன் அங்கே என்று புரிய அரசியலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1948-ல் டிட்டோ தலைமையிலான யூகோஸ்லாவியா ஸ்டாலினோடு முறித்துக்கொண்டது. அதனால் மாஸ்கோவின் சோஷலிச யதார்த்தவாதம், அதாவது உழைப்பாளியின் வீரமுகத்தை வரைந்தே தீர வேண்டும் என்ற கட்டளை, அங்கே பிடி தளர்ந்தது. 1951-லேயே ஸாக்ரெப்பின் 'எக்ஸாட் 51' குழு, அருவ ஓவியம் சோஷலிசத்துக்கு எதிரியல்ல என்று அறிக்கை விட்டது. 1961 செப்டம்பரில் பெல்கிரேடில் நேரு, நாசர் உள்ளிட்ட தலைவர்கள் கூடி அணிசேரா நாடுகளின் முதல் மாநாட்டை நடத்தினார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஆகஸ்டில், ஸாக்ரெப்பின் தற்காலக் கலைக்கூடத்தில் 'புதிய போக்குகள்' என்ற கண்காட்சி திறந்தது. பிரேசில் ஓவியர் அல்மிர் மாவினியேர், உள்ளூர் விமர்சகர் மாட்கோ மெஷ்ட்ரோவிச், கலைக்கூட இயக்குநர் போஜோ பெக் ஆகியோர் சேர்ந்து தொடங்கியது. கிழக்கு ஐரோப்பியக் கலைஞருக்கு மேற்கே போக விசா கிடைப்பது கடினம், மேற்கத்தியருக்குக் கிழக்கு மூடிக் கிடந்தது. ஸாக்ரெப்புக்கு இருவரும் வர முடிந்தது.

மெஷ்ட்ரோவிச்சின் வாதம் நேரடியானது. கலையை அறிவியல் ஆய்வு போல ஆக்கினால் அது யாருடைய தனிச்சொத்தும் ஆகாது. ஆய்வு முடிவை யாரும் சரிபார்க்கலாம், திரும்பச் செய்யலாம், மேலே கொண்டுபோகலாம். ஒரே படத்தை நூறு பிரதிகளாக மலிவாகச் செய்தால் கலைச்சந்தையின் அடித்தளமே ஆடிவிடும். 1965-ன் மூன்றாம் கண்காட்சி இப்படிப் பிரதிகளாகப் பரவும் படைப்புகளைத்தான் முன்னே நிறுத்தியது.

சந்தை இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது. அதே 1965-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 'தி ரெஸ்பான்சிவ் ஐ' கண்காட்சியை நடத்தியது. ஸாக்ரெப் ஆட்கள் பலரின் படைப்புகள் அதில் இருந்தன. கண்ணைக் கூசவைக்கும் அந்தக் கோடுகளுக்கு 'ஆப் ஆர்ட்' என்ற பெயர் பரவி, கொஞ்ச நாளில் அவை கவுன்களிலும் கைப்பைகளிலும் வந்துவிட்டன. சமூகமயமாதல் என்று அவர்கள் கேட்டது ஒன்று, கிடைத்தது இன்னொன்று. லே பார்க்குக்கு 1966-ல், வெனிஸ் பினாலே என்ற பெரிய சர்வதேசக் கலைக் கண்காட்சியின் ஓவியத்துக்கான பெரும் பரிசே கிடைத்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1968 மே மாத மாணவர், தொழிலாளர் போராட்டத்தில் பங்கேற்றதற்காக அவரைப் பிரான்ஸ் நாடு கடத்தியது. சில மாதங்களில் திரும்ப விட்டார்கள். அவர் இருந்த காட்சிக்கலை ஆய்வுக் குழு அந்த ஆண்டே கலைந்தது.

இந்தத் தோல்விக்குப் பிறகுதான் ஸாக்ரெப் கணினியைக் கையில் எடுத்தது. 1968 ஆகஸ்டில் 'கணினிகளும் காட்சி ஆய்வும்' என்ற கருத்தரங்கு, 1969-ல் பெரிய கண்காட்சி, கூடவே 'பிட் இன்டர்நேஷனல்' என்ற இதழ். சந்தை விழுங்க முடியாத கலை எது? பொருளாக இல்லாமல் நிரலாக இருப்பது. அப்படித்தான் அவர்கள் நினைத்தார்கள்.

அந்த நினைப்பு எங்கே போயிருக்கக்கூடும் என்பதற்கு ஒரு சான்று விளாதிமிர் பொனாச்சிச். ஸாக்ரெப்பின் ருஜெர் போஷ்கோவிச் ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானி. 1969-ல் நகரத்தின் நாமா பல்பொருள் அங்காடி முகப்பில் 36 மீட்டர் நீளத்துக்கு மின்விளக்குகளை வரிசையாகப் பொருத்தினார். கலுவா களம் என்ற இயற்கணித அமைப்பிலிருந்து கிளம்பும் கோலங்களில் அவை மின்னி மாறின. கடை முகப்பில் விளக்கு மின்னினால் எதையோ விற்கிறார்கள் என்றுதான் பொருள். இது எதையும் விற்கவில்லை. நுழைவுச்சீட்டு இல்லை, வாங்க முடியாது, தெருவில் போகிறவர் எல்லோருக்கும் பொது. பொனாச்சிச்சுக்குத் தற்செயல் எண்களைக் கொட்டிப் படம் செய்வது பிடிக்காது. கணினியால் மட்டுமே காட்டக்கூடிய ஒழுங்கைக் காட்ட வேண்டும் என்பார். இந்த வட்டத்தில் பேசியதைச் செய்து காட்டியவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் நான் இவரைத்தான் சொல்வேன்.

சீட்டுக் குலுக்கலில் ஒரு போர்

படத்துக்குள்ளேயே அரசியல் இருந்த விதிவிலக்குகளும் உண்டு. ஏலப் பட்டியலில் பார்த்த சார்ல்ஸ் சூரி, ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஓவிய ஆசிரியர். இரண்டாம் உலகப் போரில் பல்ஜ் சண்டையில் இருந்தவர். 1967-ல், வியட்நாம் போர் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, 'ரேண்டம் வார்' என்ற படத்தைச் செய்தார்.

ஒரு பொம்மைச் சிப்பாயின் உருவத்தை வரைந்து அதைக் கணினிக்குள் கொடுத்தார். 400 சிப்பாய்கள், ஒரு தரப்பு சிவப்பு, மறு தரப்பு கறுப்பு. யார் எங்கே நிற்பது, எந்தப் பக்கம் சாய்வது என்பதெல்லாம் தற்செயல் எண்கள் தீர்மானித்தவை. படத்தோடு ஒரு பட்டியலும் உண்டு. செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர், பிழைத்தவர், பதக்கம் பெற்றவர் என்று தலைப்புகள் போட்டுக் கீழே பெயர்கள். அந்தப் பெயர்கள் உண்மையான மனிதர்களுடையவை. பின்னாளில் அதிபர்களான ரொனால்ட் ரீகன், ஜெரால்ட் ஃபோர்டு ஆகியோரும் அதில் உண்டு. வீரப் பதக்கமும் எண் விழுந்த விதம்தான், மரணமும் எண் விழுந்த விதம்தான்.

இதை வெறும் கிண்டல் என்று தள்ள முடியாமல் அடுத்த சில ஆண்டுகள் பார்த்துக்கொண்டன. 1968 முதல் அமெரிக்க ராணுவம், வட வியட்நாம் தெற்கே ஆட்களையும் ஆயுதங்களையும் அனுப்பிய ஹோ சி மின் பாதை நெடுக உணர்கருவிகளைத் தூவி, அவை அனுப்பும் சமிக்ஞைகளைத் தாய்லாந்தில் இருந்த ஐபிஎம் கணினிகளில் பகுத்து, குண்டு போடும் இடத்தை முடிவு செய்தது. 1969 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனில் 366 பிறந்த தேதிகளைக் குப்பிகளில் போட்டு, எடுத்த வரிசைப்படி இளைஞர்களைப் படைக்கு அழைத்தார்கள். அந்தக் குலுக்கலும் சரியாகக் கலக்கப்படவில்லை. ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்களின் எண்கள் முன்னாலேயே வந்துவிட்டன என்று புள்ளியியலாளர்கள் காட்டினார்கள். சூரியின் நிரல் அரசாங்கத்தைவிட நியாயமாகக் குலுக்கியது என்றே சொல்லலாம்.

பிரேசில்: வகையிடப்பட்ட முகம்

பிரேசிலில் 1964-லிருந்து ராணுவ ஆட்சி. 1968 டிசம்பரில் வந்த 'ஐந்தாம் நிறுவனச் சட்டம்' என்ற ஆட்சியாளர்களின் ஆணை இருந்த கொஞ்சநஞ்ச உரிமையையும் பறித்தது. அந்தச் சூழலில் சாவ் பாவ்லோ ஓவியர் வால்டெமார் கோர்டெய்ரோ, இயற்பியலாளர் ஜியோர்ஜியோ மொஸ்காத்தியுடன் சேர்ந்து பல்கலைக்கழகத்தின் ஐபிஎம் கணினியில் வேலை செய்தார்.

அவர்கள் முறை இது. ஒரு புகைப்படத்தை 98-க்கு 112 புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் ஏழு நிலைகளில் ஒரு கருமை எண் கொடுத்தார்கள். பிறகு வகைக்கெழு எடுத்தார்கள். கருமை எங்கே மாறுகிறதோ அங்கே மட்டும் அச்சாகும், மாறாத பரப்பு வெள்ளையாகிவிடும். மறுபடியும் மறுபடியும் அதையே செய்தால் முகம் கரைந்து விளிம்புகளின் கூட்டமாகிவிடுகிறது. 1969-ல் ஒரு காதல் ஜோடியின் படத்தில் தொடங்கியது இது. 1971-ல் கோர்டெய்ரோ எடுத்துக்கொண்டது ஒரு வியட்நாமியச் சிறுமியின் முகம். தலைப்பு: 'பி.பி. அல்லாத பெண்'. பி.பி. என்றால் பிரிஜித் பார்தோ, அன்று எல்லாப் பத்திரிகையிலும் இருந்த முகம். யார் முகம் பரவுகிறது, யார் முகம் பரவாது என்ற கேள்வியைத் தலைப்பிலேயே வைத்துவிட்டார்.

அதே ஆண்டு சாவ் பாவ்லோவில் 'அர்தியோனிக்கா' என்ற கண்காட்சியையும் நடத்தினார். தொலைத்தொடர்பு வழியாகப் படைப்பை அனுப்ப முடிந்தால் பணக்கார நகரங்களின் கண்காட்சிக் கூடத்தை நம்ப வேண்டியதில்லை, தொலைவில் இருப்பவருக்கும் அது கிடைக்கும் என்பது அவர் நம்பிக்கை. சர்வாதிகார ஆட்சி தொலைத்தொடர்பை வேறு காரணத்துக்காக வளர்த்துக்கொண்டிருந்தது என்பதும் அவருக்குத் தெரியாததல்ல. 1973-ல் இறந்துவிட்டார்.

துளை அட்டையைக் கழுத்தில் மாட்டியவர்கள்

வெளியே மக்கள் கணினியை எப்படிப் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்தால்தான் அடுத்து வரும் முறிவு புரியும். 1964-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி மாணவர்கள் பேச்சுரிமைப் போராட்டத்தில் துளை அட்டைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். மடிக்காதே, கிழிக்காதே என்று அந்த அட்டைகளில் அச்சடித்திருக்கும் எச்சரிக்கை, தங்களுக்கும் பொருந்தும் என்று எழுதிக்கொண்டார்கள். 1969-ல் மான்ட்ரியாலில், இனப்பாகுபாட்டுப் புகாரைப் பல்கலைக்கழகம் கையாண்ட விதத்தை எதிர்த்த மாணவர்கள் கணினி மையத்தை ஆக்கிரமித்தார்கள். முடிவில் அட்டைகள் ஜன்னல் வழியே தெருவில் பறந்தன, மையம் எரிந்தது.

இந்த நேரத்தில்தான் லண்டனில், 1968 ஆகஸ்டில், ஜாஷா ரைகார்ட் ஏற்பாடு செய்த 'சைபர்னெட்டிக் செரண்டிப்பிட்டி' கண்காட்சி நடந்தது. கணினிக் கவிதை, இசை, அசையும் பொறிகள் என்று திருவிழாக் கூட்டம். குஸ்தாவ் மெட்ஸ்கருக்கு அது எரிச்சலூட்டியது. நூரம்பர்க்கில் பிறந்த யூதர், பெற்றோரை நாஜிகளிடம் இழந்தவர், அணு ஆயுத எதிர்ப்புக்காகச் சிறை சென்றவர். கணினியைக் கண்டு மக்கள் கவலைப்படும் காலத்தில் அதைப் பொழுதுபோக்குச் சந்தையாகக் காட்டுவது பிற்போக்கு என்று எழுதினார். தொழில்நுட்பக் கலையில் உண்மையான முன்னணி ராணுவம்தான் என்பது அவர் கருத்து. ஆனால் அவர் விலகிப் போகவில்லை. கணினிக் கலைச் சங்கத்தின் 'பேஜ்' இதழுக்கு முதல் ஆசிரியரானார்.

அந்த இதழில்தான் 1971-ல் ஃப்ரீடர் நாகே ஒரு குறிப்பு எழுதினார்: கணினிக் கலை என்று ஒன்று இருக்கவே கூடாது. எழுதியவர் வெளியாள் அல்ல. 1965-ல் நேஸோடு ஸ்டுட்கார்ட்டில் படம் வைத்தவர், 1966-ல் 'கம்ப்யூட்டர்ஸ் அண்ட் ஆட்டோமேஷன்' போட்டியில் வென்றவர், 1970-ல் வெனிஸ் பினாலேவரை போனவர். அவர் வாதத்தைச் சுருக்கினால்:

1. கணினி கலைக்குப் பெரிதாகப் புதிதொன்றும் கொண்டுவரவில்லை. சந்தைக்கு இன்னொரு பாணி கிடைத்ததுதான் மிச்சம்.

2. அந்தச் சந்தை வசதி படைத்தவர்களுடையது. அதற்குப் புதுச் சரக்கு அனுப்புவது நம் வேலையல்ல.

3. இயந்திரத்துக்குப் படைப்பாற்றல் உண்டா என்பது தவறான கேள்வி. படம் யாருக்கு, எதற்கு என்பதே கேள்வி.

4. கணினியைக் கொண்டு படம்தான் செய்ய வேண்டுமென்றால், செல்வம் யாரிடம் எப்படிக் குவிந்திருக்கிறது என்று காட்டும் படம் ஒன்றைச் செய்யலாமே.

எழுதியதோடு நிற்கவில்லை, படம் செய்வதையே நிறுத்திவிட்டு இடதுசாரி அரசியலில் இறங்கினார். 1972-ல் பிரேமன் பல்கலைக்கழகத்தில் கணினியியல் பேராசிரியரானார்.

நான்காம் வாதத்தைச் செய்தவர்

நாகே கேட்ட மாதிரியான வேலையை அதே ஆண்டுகளில் ஹான்ஸ் ஹாக்கே வேறு வழியில் செய்துகொண்டிருந்தார். ஆச்சரியம், அதற்குக் கணினி அவருக்குச் சரியாக உதவவே இல்லை. 1970-ல் நியூயார்க் யூத அருங்காட்சியகத்தின் 'சாஃப்ட்வேர்' கண்காட்சியில் பார்வையாளர்களின் பின்னணியையும் கருத்துகளையும் உடனுக்குடன் தொகுத்துக் காட்டத் திட்டமிட்டார். இயந்திரம் ஒத்துழைக்கவில்லை.

ஆனால் அதே ஆண்டு நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இரண்டு கண்ணாடிப் பெட்டிகள் போதுமானதாக இருந்தன. அதிபர் நிக்சனின் இந்தோசீனக் கொள்கையை நியூயார்க் ஆளுநர் ராக்ஃபெல்லர் கண்டிக்காததால் அவருக்கு வாக்களிக்க மாட்டீர்களா என்பது கேள்வி. ஆம் என்றால் ஒரு பெட்டி, இல்லை என்றால் மற்றது. ஆமாம் என்றவர்கள் 68.7 சதவீதம். ராக்ஃபெல்லர் குடும்பம் அந்த அருங்காட்சியகத்தையே தொடங்கிய குடும்பம் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். மறு ஆண்டு கக்கன்ஹைம் அருங்காட்சியகத்துக்காக, மன்ஹாட்டனில் ஒரு குழுமத்தின் கையில் இருந்த 142 கட்டடங்களைப் பற்றி அரசு ஆவணங்களில் இருந்த தகவல்களைப் புகைப்படங்களோடு வரிசைப்படுத்தினார். யார் வாங்கினார், யாருக்கு மாற்றினார், எவ்வளவு அடமானம் என்பதுதான் அதில் இருந்தது. இயக்குநர் கண்காட்சியையே ரத்து செய்தார். ஆதரித்த காப்பாளருக்கு வேலை போனது. சதுரங்களைச் சாய்த்தவரை அருங்காட்சியகங்களுக்குப் பிரச்சினை இல்லை. தரவைத் தொட்டபோதுதான் கதவு சாத்தப்பட்டது.

பிறகு என்ன மாறியது

ஸாக்ரெப்பின் ஐந்தாவது, கடைசிக் கண்காட்சி 1973-ல் நடந்தது. கணினிக் கலைக்குப் பக்கத்திலேயே, பொருளைவிடக் கருத்தே முக்கியம் என்ற கருத்துநிலைக் கலைக்கும் ஒரு பிரிவு ஒதுக்கினார்கள். இளையவர்களின் கவனம் அந்தப் பக்கம் போய்விட்டது. 1970-களின் பிற்பாதியில் சிறு கணினிகள் வந்தபின், யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்ற கேள்வி மங்கியது. பாரிஸ் வானிலை நிலையத்தின் கணினியை இரவுகளில் பயன்படுத்தி வந்த மன்ஃபிரட் மோர் போன்றவர்கள் பின்னாளில் சொந்த இயந்திரம் வைத்துக்கொள்ள முடிந்தது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், இயந்திரம் கலைஞரின் மேசையில் இருந்தது.

ஏஐ காலத்தில் அது மறுபடியும் மேசையைவிட்டுப் போய்விட்டது. ஆனால் அன்றைய நிலைமையே அப்படியே திரும்பியிருக்கிறது என்று சொல்ல மாட்டேன். மூன்று வேறுபாடுகள் உண்டு.

1. 1965-ல் இயந்திரம் நிறுவனத்துடையது, நிரல் கலைஞருடையது. நால் அந்த ஒரு விஷயத்தைச் சொல்லித்தான் பதிப்புரிமை வாங்கினார். இன்று படம் கேட்பவர் கையில் இருப்பது ஒரு வேண்டுகோள் மட்டும். இயந்திரம், நிரல் இரண்டுமே நிறுவனத்திடம்.

2. அன்றைய கலைக்குத் தரவு என்பது ஒரு தொலைபேசி டைரக்டரி. அதில் பெயர் இருந்தவர்களுக்கு இழப்பு எதுவும் இல்லை. இன்று தரவு என்பது மற்றவர்களின் படங்கள், அதாவது மற்றவர்களின் பிழைப்பு.

3. தனிப்பெயர் வேண்டாம், ஒற்றை மூலம் வேண்டாம், எல்லாம் பொது என்று பாதுவாவிலும் ஸாக்ரெப்பிலும் கேட்டவர்கள் சந்தையை உடைக்கக் கேட்டார்கள். இன்று அதே சொற்களை, எல்லாப் படமும் பயிற்சிக்குப் பொது என்ற பொருளில், நிறுவனங்களின் தரப்பே பேசுகிறது. 2025 மடலில் கையெழுத்திட்ட ஓவியர்களோ தங்கள் பெயரையும் தங்கள் உடைமையையும் காப்பாற்றச் சொல்கிறார்கள். மெஷ்ட்ரோவிச்சின் வாதமும் அந்த ஓவியர்களின் வாதமும் நேரெதிரானவை, இரண்டுமே உழைப்பவர் பக்கம் நின்று எழுந்தவை.